கோவிந்தன்குட்டி சார் சொன்ன ஆயில்

கேட்டைத் திறக்க வேண்டாம் சேட்டா, அப்படியே நின்னுகிட்டுக் கேளுங்க. எனக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கு. நான் எதையும் விற்க வரலைங்க, நன்கொடை ரசீதும் கையில் இல்லை. நீங்க ஒரு மணி நேரத்துக்கு அப்பாவைப் பறிகொடுத்த மகனா இருக்கணும். அவ்வளவுதான்.

தமிழ் தெரியும்தானே? தெரியும். கேரளாவா இருந்தாலும் கஞ்சிக்கோட்டில் தமிழ் தெரியாதவங்க யாரு.

அதோ, பெட்டிக்கடைக்கு முன்னால சிவப்பா, தரையோடு தரையா, தவக்களை உட்கார்ந்த மாதிரி ஒரு கார் நிக்குது பாருங்க. உள்ளே இருக்கிறவர் என் சித்தப்பா. பேரு நாச்சிமுத்து. இப்போதைக்கு இறங்க மாட்டார். டர்போ வச்ச எஞ்சினை ஓடி வந்ததும் படக்குன்னு நிறுத்தக் கூடாதுங்க. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடணும். அப்புறம் நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கணும், மேலே போன ஆயிலெல்லாம் கீழே இறங்கி வர. அப்புறம் அளவுக் கம்பியை உருவி, துணியில் துடைச்சு, திரும்ப உள்ளே விட்டு, திரும்ப உருவிப் பார்க்கணும். அதுவும் சமதரையில்தான். உங்க வாசல் சரிவா இருக்கு, அதான் அங்கேயே நிறுத்திட்டார். இந்த முறையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் உங்க அப்பா. அதாவது கோவிந்தன்குட்டி சார். அதாவது நான்.

உங்க அப்பா தையற்கடை வச்சிருந்தாரா? சந்தோஷங்க. அதை மட்டும் அவர்கிட்ட சொல்லாதீங்க.

முதல்ல இருந்து சொல்றேன். என் பேரு சௌபர்ணிகா. பிளஸ் டூ. எனக்கு இருபத்து மூணு குரல் வரும். என் சொந்தக் குரலைச் சேர்க்காம. எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல பள்ளிக்கூட மைக்கில் ஒரு தடவை, "பத்தாம் வகுப்பு பி பிரிவு மாணவர்கள் மட்டும் அமைதியாக வீட்டுக்குச் செல்லலாம்"னு சொன்னேன். நாற்பத்திரண்டு பேர் அமைதியா பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டாங்க. அவங்க கூட்டத்தில் கணக்கு சாரும் இருந்தார். அந்த வகையில் எனக்கு ஒரு பேரு இருக்கு, கோயமுத்தூரில்.

இருபத்து மூணில் ரொம்பச் சுலபமான குரல் சித்தப்பா குரல்தான். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. "போதும்." "சரி." "வர்றேன்." "ம்." கல்யாணம் பண்ணிக்கலை, மாடி அறையில் இருக்கார். பீளமேட்டில் சின்னதா பம்ப் கம்பெனி. ஒவ்வொரு பம்பையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஓட விட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுட்டுத்தான் வெளியே அனுப்புவார். பம்ப்கிட்ட நல்லாப் பேசுவார்னு அங்க வேலை செய்யறவங்க சொல்வாங்க. நான் பார்த்ததில்லை.

அந்த மனுஷன் போன தை மாசம் பெங்களூரில் இருந்து ஒரு லாரியில் இந்தக் காரை ஏத்திக்கிட்டு வந்து இறக்கினார். பதினாலு வருஷப் பழசு. ரெண்டே சீட்டு. அம்மா வெளியே வந்து பார்த்துட்டு, "இது என்னங்க தம்பி?"ன்னு கேட்டாங்க. "கார்"னார். அன்னைக்கு அஞ்சு வார்த்தை ஆச்சு.

மாசக்கணக்கா அந்த வண்டியை அவர் எடுக்கவே இல்லைங்க. போர்வை போட்டு மூடி வச்சிருந்தார். ஏன்னா ஆயில். முன்னாடி வச்சிருந்தவர் என்ன ஆயில் ஊத்தினார், எப்போ ஊத்தினார், ஒரு சீட்டும் இல்லை. வண்டியோட கையேடு தொலைஞ்சு போச்சு. சில வண்டிகளில் ஆயில் ஊத்தற மூடி மேலேயே நம்பர் போட்டிருக்கும். அந்த மகராசன் அழகுக்காக அந்த மூடியைக் கழட்டிட்டுப் பளபளன்னு வேற மூடி மாட்டியிருந்தார். அதில் ஒரு மண்டை ஓடு படம் மட்டும் இருந்தது.

சரி, நாலு பேரைக் கேட்போம்னு கேட்டார் சித்தப்பா. அதுதான் தப்பு. நம்ம ஊரில் எஞ்சின் ஆயிலைப் பத்தித் தெரியாதுன்னு சொன்ன ஆம்பளை இன்னும் பிறக்கலை.

ஸ்பேர் கடை குணாளன் அண்ணன், வெத்தலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிட்டு: "அட ஏனுங்க இத்தனை ரோசனை? எல்லாரும் இதைத்தான் ஊத்தறாங்க. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

சித்தப்பா கம்பெனி பக்கத்து ஜிம் பையன்: "ப்ரோ, பத்து டபிள்யூ அறுபது. திக்கா இருக்கணும் ப்ரோ. ரேஸ்ல எல்லாம் அதான் ப்ரோ."

மெக்கானிக் ரஃபீக் பாய், ரொம்பப் பணிவா: "உள்ள என்ன இருக்கோ அதையே இருக்க விடுங்க சார். பழகின ஆயிலை மாத்தினா எஞ்சின் கோவிச்சுக்கும்."

எங்க அம்மா, தோசைக் கரண்டியோட: "நல்லெண்ணெய் ஊத்தினாக்கூட ஓடும் தம்பி. முதல்ல அதை எடுங்க, நான் வத்தல் காயப் போடணும்."

நல்லாப் பண்றேனா? அம்மாவைப் பார்த்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்.

அப்புறம் சித்தப்பா, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்க வாட்ஸப் குழு ஒண்ணில் சேர்ந்து, ஒரு வரியில் கேள்வி போட்டார். சாயங்காலத்துக்குள்ள எழுபது பதில். எழுபது பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டி, மூணு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க. சித்தப்பா போனைக் கவுத்து வச்சுட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்னுக்கிட்டார்.

அப்பத்தான் எனக்கு யோசனை வந்தது. அம்மாவோட பழைய போன், வேற சிம். குழுவில் நானும் சேர்ந்தேன். பேரு கோவிந்தன்குட்டி, ரிட்டயர்டு எஞ்சினியர், கஞ்சிக்கோடு. சமையக்கட்டில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்குங்க. அதை வாய்க்குக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பேசினா எழுபத்தொரு வயசு வந்துடும். "எந்தா நாச்சிமுத்து, சுகந்தன்னே? ஆயில் காரியத்தில் அவசரம் வேண்டா கேட்டோ. நம்ம கேரளத்தில் எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான்…" அங்கே நிறுத்தி அவருக்குத் தனியா அனுப்பினேன். அடுத்ததில் தேங்காய் எண்ணெய்னு சொல்றதா திட்டம்.

அவர் பதில் அனுப்பினார் சேட்டா. குரலில். பதினோரு நிமிஷம்.

எங்க வீட்டில் எல்லார்கிட்டயும் சேர்த்து அவர் பேசினது அத்தனை இருக்காது. கேட்டுப் பார்த்தேன். ஒன்பது வயசில் ஊட்டி ரோட்டில் ஒரு சிவப்பு கார் அவரைத் தாண்டிப் போச்சாம். வளைவில் அது போன சத்தம் இன்னும் காதில் இருக்காம். இத்தனை வருஷம் கழிச்சு அதே மாதிரி ஒண்ணு கைக்கு வந்திருக்கு, "தப்பான ஆயிலை ஊத்தி நானே அதைக் கெடுத்துட்டேன்னா என்ன சார் பண்றது? சாவியைப் போடவே பயமா இருக்கு சார். வீட்டில் சொன்னாச் சிரிப்பாங்க"ன்னு சொன்னார்.

அதுக்கு மேல தேங்காய் எண்ணெய்னு எப்படிங்க சொல்றது?

அதனால நான் போய்க் கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு. எனக்குப் படிப்பு வராதுங்க. வேதியியலில் நாற்பத்தொண்ணு. வண்டிக் கம்பெனி வலைத்தளத்தில் அந்தக் கையேட்டைத் தேடி எடுத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் படிச்சேன், வேற வழியில்லாம. டபிள்யூக்கு முன்னாடி இருக்கிற நம்பர், குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லுது. பின்னாடி இருக்கிற நம்பர், கொதிக்கும்போது எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது. ஜிம் பையன் சொன்ன அறுபது இந்த எஞ்சினுக்கு ரொம்பக் கெட்டி, சந்து பொந்தில் போய்ச் சேர நேரமாகும், அதுக்குள்ள டர்போ காய்ஞ்சு போகும். ரொம்ப இளகினதா இருந்தா நம்ம வெயிலில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நிக்காது. இதை எல்லாம் விட முக்கியம், பாட்டில் பின்னாடி பொடி எழுத்தில் வண்டிக் கம்பெனி அனுமதி நம்பர் இருக்கான்னு பார்க்கணும். பின்பக்கத்தை யாரும் படிக்கறதில்லை. முன்பக்கம் ஒரு கார் படம் போட்டிருந்தாப் போதும் இவங்களுக்கு. சந்தேகம் தீரலைன்னு ஆயில் பரிசோதனை பண்ற ஆய்வுக்கூடம் ஒண்ணுக்கு எங்க வேதியியல் டீச்சர் குரலில் போன் போட்டு இருபது நிமிஷம் பேசினேன். கடைசியில் அவங்க, "எந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கறீங்க மேடம்?"னு கேட்டாங்க. வச்சுட்டேன்.

ஒன்பதாம் நாள் கோவிந்தன்குட்டி சார் தீர்ப்புச் சொன்னார். "அஞ்சு டபிள்யூ நாற்பது. ஃபுல் சிந்தெடிக். பின்னாடி நம்பரைப் படி, முன்னாடி படத்தைப் பார்க்கண்டா. ஃபில்டரும் மாத்து. பழைய சரித்திரம் அறியாத வண்டியாணு, முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரில் இறக்கிக் களை. உள்ளே என்ன அழுக்கு இருந்ததுன்னு அது சொல்லும்."

எஞ்சினை நிறுத்திட்டார். கேட்டுதா? சத்தம் நின்னுடுச்சு. இனிப் பத்து நிமிஷம்.

ஆயில் பேச்சு ஒன்பது நாளில் முடிஞ்சது சேட்டா. அந்த நம்பர் போட்ட ஆயில் வந்து சேர மூணு மாசம் ஆச்சு, அது வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் பேசினாங்க. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதான் வேலை. பம்ப், அரசியல், முட்டிவலி, ஆப்பத்துக்கு எவ்வளவு தேங்காய், எல்லாம். ஒரு தடவை பேசிக்கிட்டே இருக்கும்போது எங்க குக்கர் மூணு விசில் அடிச்சுடுச்சு. எனக்கு உயிரே போச்சு. சித்தப்பா ஒண்ணும் கண்டுக்கலை. "உங்க வீட்டுக் குக்கரும் எங்க வீட்டுக் குக்கர் மாதிரியே இழுத்து இழுத்துத்தான் விசில் அடிக்குது சார்"னார். அவ்வளவு வெள்ளந்தி.

ஏன் சிரிக்கிறீங்க?

இன்னொரு நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "குரல் சரியில்லையே சார், மிளகுப்பால் குடிங்க"ன்னார் அவர். அன்னைக்குப் பார்த்து அம்மா எனக்கு மிளகுப்பால் காய்ச்சிக் கொண்டு வந்தாங்க. சித்தப்பாதான் கொடுக்கச் சொன்னாராம். வெளியாளுக்குச் சொன்னதும் வீட்டுப் பிள்ளை ஞாபகம் வந்திருக்கும், பாவம்.

அந்தக் குணத்தை நான் கொஞ்சம் பயன்படுத்திக்கிட்டேன், மறைக்கலை. "வீட்டில் ஒரு பெண்குட்டி உண்டல்லோ நாச்சிமுத்து, அதுக்கு ஒரு நல்ல ஹெட்போன் மேடிச்சுக் கொடு"ன்னு சார் சொன்னார். மறுநாள் வந்துடுச்சு. நான் கேட்க நினைச்சிருந்த அதே சாம்பல் நிறம். சார் நிறத்தைச் சொல்லவே இல்லை! ஏமாளிக்கு அதிர்ஷ்டமும் இருக்கு பாருங்க.

அவரும் சார்கிட்ட என்னைப் பத்திக் கேட்டார். "எங்க அண்ணன் பொண்ணுக்குப் படிப்பு வராதுன்னு பள்ளிக்கூடத்தில் சொல்றாங்க சார். எனக்கு அப்படித் தெரியலை. ஒரு விஷயத்தைப் பிடிச்சா முந்நூறு பக்கம் படிக்கிற பொண்ணு அது." முந்நூறு பக்கம்னு எதை வச்சுச் சொன்னாரோ. பாசத்தில் அளந்து விடறதுதான். "அவளுக்கு நான் என்ன சார் செய்யலாம்?"னார். "அந்தக் குட்டியைச் சும்மா விடு"ன்னு சொல்லிட்டேன். "சரி சார், ஆனா அவகிட்ட நான் கேட்டதைச் சொல்லுங்க"ன்னார். பாருங்க, உளறல். கஞ்சிக்கோட்டில் இருக்கிறவர் என்கிட்ட எப்படிச் சொல்வார்?

மறுபடியும் சிரிக்கிறீங்க. துக்க வீட்டுக்காரர் சிரிக்கக் கூடாதுங்க, இப்பவே பழகுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாத்தினோம். ரஃபீக் பாய் கீழே படுத்துப் பழசை இறக்கினார். தார் மாதிரி வந்தது. நான் புனலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சித்தப்பா ஒவ்வொரு படிக்கும் சாரைக் கேட்டுட்டுத்தான் அடுத்தது. அவர் குரல் அனுப்பினதும் நான், "வயிறு சரியில்லை"ன்னு சொல்லி மாடிக்கு ஓடுவேன். சொம்பை எடுத்துப் பதில் அனுப்பிட்டு இறங்கி வருவேன். நாலு தடவை. நாலு தடவையும் நான் வந்து புனலைப் பிடிக்கிற வரைக்கும் அவர் கேனைக் கையில் வச்சுக்கிட்டு அப்படியே நின்னிருந்தார். ரஃபீக் பாய் சாக்கைப் போட்டு முகத்தை மூடிக்கிட்டு இருமிக்கிட்டே இருந்தார். அவருக்கு டீசல் புகை ஒத்துக்காது. பெட்ரோல் வண்டிதான், ஆனாலும்.

எல்லாம் முடிஞ்சதும் சித்தப்பா போனை எடுத்தார். "சார், ஊத்தியாச்சு. முதல் ஓட்டம் உங்க வீட்டுக்குத்தான். நேரில் பார்த்துக் கும்பிடணும்."

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை சேட்டா. சாகடிச்சுட்டேன்.

வேற வழி? சார் வெளிநாடு போயிட்டார்னு சொன்னா, திரும்பி வர்ற தேதி கேட்பார். திங்கட்கிழமை காலையில் மகன் சுரேந்திரன் குரலில் அனுப்பினேன்: "அச்சன் போயி." நல்லா வந்ததுங்க அது. எனக்கே அழுகை வந்துடுச்சு. அது ஏன்னு தெரியலை. இல்லாத ஆள்தானே.

சித்தப்பா ரெண்டு நாள் எப்பவும் போல கம்பெனிக்குப் போய் வந்தார். இன்னைக்குக் காலையில் போர்வையை உருவி மடிச்சு வச்சார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "துக்கம் கேட்கப் போகணும். நீ வா"ன்னார். என்னை எதுக்குன்னு கேட்டேன். "வழி காட்ட"ன்னார். நான் என்னைக்குக் கஞ்சிக்கோடு வந்தேன்? ஆனா சாரோட விலாசத்தில் "பச்சை கேட், முன்னாடி பலாமரம்"னு ஒரு தடவை சும்மா அடிச்சு விட்டிருந்தேன். இங்க வந்து பார்த்தா பச்சை கேட் இல்லாத வீடு எது, பலாமரம் இல்லாத வீடு எதுன்னு தேட வேண்டியிருக்கு. உங்களது மூணாவது. முதல் வீட்டில் நாய் இருந்தது. ரெண்டாவதில் ஒரு அம்மா, என்னை முழுசாப் பேசவே விடலை.

வர்ற வழியில் அறுபதுக்கு மேல போகலை அவர். லாரியெல்லாம் எங்களைத் தாண்டிப் போச்சு. வாளையார் தாண்டினதும் ரோடு காலியா இருந்தது. திடீர்னு கியரைக் குறைச்சு ஒரு அழுத்து அழுத்தினார். முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. நான் எங்க ஹெட்மாஸ்டர் குரலில் அலறிட்டேன், எப்படி அந்தக் குரல் வந்ததுன்னு தெரியலை. சித்தப்பா சிரிச்சார்.

எனக்கு இருபத்து மூணு குரல் வரும்னு சொன்னேன் இல்லைங்களா. சித்தப்பா சிரிப்பு வராது. கேட்டதே இல்லை, எப்படி வரும்? இன்னைக்குத்தான் கேட்டேன். ஒரு மாதிரி, ரொம்ப நாள் ஓடாத எஞ்சின் பிடிக்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் புகை அடிச்சுட்டு, அப்புறம் நின்னு ஓடுது. ஆனா துக்கம் கேட்கப் போற மனுஷன் அப்படிச் சிரிக்கலாமா? அது மட்டும்தான் எனக்குப் புரியலை.

அதனால கேட்கறேன். அவருக்கு விஷயம் தெரிஞ்சா அடிக்க மாட்டார். திட்டக்கூட மாட்டார். திரும்ப நாலு வார்த்தைக்குப் போயிடுவார். அதான் பயம். பதினோரு நிமிஷம் பேசின மனுஷனைத் திரும்ப "ம்"முக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லைங்க.

இறங்கிட்டார். பானட்டைத் திறக்கறார். சீக்கிரம்.

நீங்க சுரேந்திரன். துபாயில் இருந்து வந்திருக்கீங்க. வராந்தாவில் தொங்குற பலூனை மட்டும் அவுத்துடுங்க. யாருக்குப் பிறந்தநாள்? மகளுக்கா, வாழ்த்துகள், ஒரு மணி நேரம் கழிச்சுக் கட்டிக்கலாம். உள்ளே சுவரில் மாலை போட்டு ஒரு பெரியவர் படம் தெரியுதே, அவர் யாரு? மாமனாரா. முகத்தில் எஞ்சினியர் களை இருக்கு, போதும். சித்தப்பா காரில் ஒரு கேன் கொண்டு வந்திருக்கார். அஞ்சு லிட்டர் வாங்கினதில் நாலரைதான் வண்டி குடிச்சது. மீதி அரை லிட்டரைச் சார் படத்துக்கு முன்னாடி வைக்கணுமாம். வச்சா சிரிக்காதீங்க. "அச்சன் கடைசி வரை உங்களைப் பத்தித்தான் பேசினார்"னு சொல்லுங்க. அது பொய்யில்லை.

கம்பியை உருவிட்டார். துடைக்கிறார். உள்ளே விடறார். உருவறார். வெயிலில் பிடிச்சுப் பார்க்கறார். தலையாட்டறார். அளவு சரி. நான் சொல்லலை? பானட்டை மூடிட்டார்.

வர்றார். ஒரு கையில் ஆயில் கேன். இன்னொரு கையில் என்னது அது? மஞ்சளா, பளபளன்னு.

எங்க வீட்டுச் சொம்பு. காலையில் அம்மா அதைத்தான் வீடெல்லாம் தேடிக்கிட்டிருந்தாங்க. இதை எதுக்கு எடுத்துட்டு வந்தார்? ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த இருக்கும். இல்லை, உங்ககிட்ட குடிக்கத் தண்ணி வாங்க. இருக்கும் இல்லைங்களா? நீங்க எதையும் காட்டிக்காதீங்க. முகத்தைச் சோகமா வைங்க. ஏன் நின்னுட்டார்? கேட்டுக்குப் பத்தடி தள்ளியே நின்னுட்டாரே. சொம்பை எதுக்கு வாய்க்கிட்ட கொண்டு போறார்…

"எந்தா மோளே, ஆயில் லெவல் கரெக்டாணு கேட்டோ."

…

சேட்டா, பலூனை அவுக்க வேண்டாம்.

குரல் சுமார்தாங்க. சொம்பை அவ்வளவு ஒட்டிப் பிடிக்கக் கூடாது, ரெண்டு விரல் தள்ளிப் பிடிக்கணும். "கேட்டோ"வை அங்க நீட்டவே கூடாது. திரும்பிப் போற வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தாத்தான் தேறுவார்.